ஜிடி, லெ மான் கார்ப் பந்தயங்களில் செயல்திறன் சமன் விதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை பக்கம் மூன்று வகை ஆட்கள் இந்தக் கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஜூன் மாதம் பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தைக் கண்விழித்துப் பார்க்கிறவர்கள் ஒரு வகை. கல்லூரியில் ஃபார்முலா ஸ்டூடண்ட் கார் கட்டும் மாணவர்கள் இன்னொரு வகை. வீட்டில் ஸ்டியரிங் செட் மாட்டி, கணினியில் சிம் ரேசிங் ஓட்டுகிறவர்கள் மூன்றாவது. மூவருக்கும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறோம். உங்களுக்குத் தேவையான இடத்துக்கு நேராகப் போகலாம்.

பிஓபி என்றால் என்ன?

பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபாமன்ஸ். வேறு வேறு கம்பெனிகள், வேறு வேறு வடிவத்தில் செய்த கார்கள் ஒரே பிரிவில் ஓடும்போது, அவற்றின் வேகம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்படி அமைப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி எடை, சக்தி, காற்றியல் அளவு விதிப்பது. இந்த அளவுகள் பட்டியலாக வரும். சில பந்தயத் தொடர்களில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் புதுப் பட்டியல் வரும்.

எல்லோருக்கும் ஒரே விதி போட்டு, நன்றாகச் செய்தவன் ஜெயிக்கட்டும் என்று விட்டால் என்ன?

விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதிகப் பணம் கொட்டிய கம்பெனி ஜெயிக்கும், மற்றவை இரண்டு மூன்று வருடத்தில் விலகும், கடைசியில் பிரிவே காலியாகும். சாலையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பந்தயத்துக்கு மாற்றி ஓட்டும் ஜிடி பந்தயத்தில் இது ஒரு தடவைக்கு மேல் நடந்தது.

2006இல் ஸ்டெஃபான் ராட்டெலின் எஸ்ஆர்ஓ நிறுவனம் ஜிடி3 பிரிவைத் தொடங்கியபோது வேறு வழியில் போனது. முன்னால் எஞ்சின் உள்ள பெரிய வி8 கார், நடுவில் எஞ்சின் உள்ள வி10 கார், பின்னால் எஞ்சின் தொங்கும் போர்ஷே 911 எல்லாம் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் ஒரே விதிப் புத்தகத்தால் முடியாது. அதனால் ஒவ்வொரு காரையும் ஓட்டிப் பார்த்து, அளந்து, சமன் செய்தார்கள். இன்று உலகத்தில் மிக அதிகமாக ஓடும் பந்தயக் கார் பிரிவுகளில் ஜிடி3 ஒன்று. ஜெர்மனியின் டிடிஎம் கார் பந்தயத் தொடர் 2021 முதல் ஜிடி3 கார்களில் ஓடுகிறது. லெ மான் பந்தயத்தில் 2024 முதல் எல்எம்ஜிடி3 பிரிவு இருக்கிறது.

நம் பக்கம் பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டார மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள். அது பிரிவு விதி: சமமானவற்றைச் சமமானவற்றோடு ஓட்டுவது. பிஓபி அதிலிருந்து ஒரு படி தள்ளியது. பெரிய மாட்டையும் கரிச்சானையும் ஒரே ஓட்டத்தில் விட்டு, பெரிய மாட்டு வண்டியில் கல் ஏற்றி அனுப்புவது போன்றது. எத்தனை கல் என்பதில்தான் சண்டை எல்லாம்.

எதை எதை மாற்றுகிறார்கள்?

முதலில் எடை. காரின் தரையில், பெரும்பாலும் பக்கத்து சீட் இருந்திருக்க வேண்டிய இடத்தில், உலோகத் தகடுகளைப் போல்ட் போட்டு இறுக்குவார்கள். இதற்கு பேலஸ்ட் என்று பெயர்.

இரண்டாவது எஞ்சின் சக்தி. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்று நுழையும் வாயில் குறிப்பிட்ட விட்டமுள்ள வளையம் போடுவார்கள், இது ரெஸ்ட்ரிக்டர். டர்போ எஞ்சினுக்கு எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு பூஸ்ட் அழுத்தம் என்று அட்டவணை தருவார்கள். லெ மானின் உச்சப் பிரிவான ஹைபர்கார் பிரிவில் இதையும் தாண்டி, சக்கரத்துக்குப் போகும் அச்சிலேயே டார்க் (திருப்பு விசை) சென்சார் மாட்டி உண்மையில் எத்தனை கிலோவாட் போகிறது என்று அளக்கிறார்கள். எஞ்சினுக்குள் என்ன செய்தாலும் அச்சில் வரும் கணக்குதான் கணக்கு.

மூன்றாவது காற்றியல். குறைந்தபட்ச தரை உயரம், பின் இறக்கையின் குறைந்தபட்சக் கோணம் போன்றவை. நான்காவது எரிபொருள்: டாங்க் கொள்ளளவு, நிரப்பும் வேகம், ஹைபர்காரில் ஒரு ஸ்டின்ட்டுக்கு எத்தனை மெகாஜூல் ஆற்றல் என்பது. ஸ்டின்ட் என்றால் ஒரு தடவை நிரப்பியதிலிருந்து அடுத்த தடவை பிட்டுக்கு, அதாவது எரிபொருள் நிரப்பி டயர் மாற்றும் இடத்துக்கு, வரும் வரை. ஹைபர்காருக்கு இது 900 மெகாஜூலை ஒட்டி இருக்கும்.

ரெஸ்ட்ரிக்டரில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் அவ்வளவு வித்தியாசம் வருமா?

வரும். வாய்க்கால் மதகில் ஷட்டரை எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு தண்ணீர். ஆனால் ரெஸ்ட்ரிக்டர் வட்டமானது. அதன் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 38 மி.மீ. வளையத்தை 37 ஆக்கினால் 37ஐ 38ஆல் வகுத்து வர்க்கம் எடுங்கள்: 0.948. ஐந்து சதவீதத்துக்கு மேல் காற்று குறைகிறது. 500 குதிரைத்திறன் எஞ்சினில் அதிக ஆர்பிஎம் பகுதியில் 25 குதிரைத்திறன் வரை போய்விடும். அதனால்தான் பட்டியல்களில் அரை மில்லிமீட்டர், அதற்கும் குறைந்த அளவுகளைப் பார்க்கிறீர்கள்.

மதகோடு ஒப்பிடுவதில் ஒரு எல்லை உண்டு. வாய்க்காலில் மேல்மட்டம் உயர்ந்தால் தண்ணீர் கூடும். ரெஸ்ட்ரிக்டரில், கழுத்துப் பகுதியில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தைத் தொட்டதும் அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் காற்று ஒரு கிராம்கூட அதிகமாகாது. ஃபார்முலா ஸ்டூடண்ட் காரில் பெட்ரோல் எஞ்சினுக்கு 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் விதி. அதில் உச்சம் வினாடிக்குச் சுமார் 0.074 கிலோ காற்று. உங்கள் எஞ்சின் மேல் ஆர்பிஎம்மில் ஏன் செத்துப்போகிறது என்று தேடும் மாணவர்கள் முதலில் இந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

டர்போவுக்கு மட்டும் ஏன் தனி அட்டவணை?

காற்றின் அடர்த்திதான் காரணம். சித்திரை வெயிலில் 40 டிகிரி இருக்கும் காற்று, 15 டிகிரி காற்றைவிட 8 சதவீதம் அடர்த்தி குறைந்தது. டர்போ இல்லாத எஞ்சின் அந்த 8 சதவீதத்தை அப்படியே இழக்கும். டர்போ, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டு பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். உயரமான ஊரில் உள்ள சர்க்யூட்டிலும் இதே கதை. இரண்டுக்கும் ஒரே வளையத்தைப் போட்டுவிட்டால் வெயில் நாளில் ஒருவன், குளிர் நாளில் இன்னொருவன் என்று முடிவு வானிலையைப் பொறுத்துப் போகும்.

10 கிலோ ஏற்றினால் எத்தனை வினாடி போகும்?

ஜிடி3 கார் ஏறக்குறைய 1300 கிலோ. 10 கிலோ என்பது அதில் முக்கால் சதவீதம். 100 வினாடி லேப்பில், அதாவது ஒரு சுற்றில், 0.1 முதல் 0.2 வினாடி வரை என்று வைத்துக்கொள்ளலாம். நின்று நின்று எடுக்கும் வளைவுகள் அதிகமுள்ள சர்க்யூட்டில் கூடுதலாகவும், நீண்ட நேர் பாதையில் குறைவாகவும் பாதிக்கும்.

ஆனால் லேப் நேரம் மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எடை கூடினால் டயர் சீக்கிரம் தேயும், பிரேக் அதிகம் சூடாகும், எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகப் போகும். முதல் சுற்றில் 0.15 வினாடி இழந்த கார், டயர் தேய்ந்த 25ஆவது சுற்றில் 0.4 இழக்கலாம். இன்னொன்று: 100 லிட்டர் பெட்ரோல் 75 கிலோ. அது எரிந்து தீர்ந்துவிடும். பேலஸ்ட் கடைசி வரை கூடவே வரும்.

எல்லாம் சமன் செய்துவிடுவார்கள் என்றால் கம்பெனிகள் எதற்காகக் காரை மேம்படுத்துகின்றன? கூட்டிய வேகத்தைத்தான் பிடுங்கிவிடுவார்களே?

எங்களிடம் வரும் கேள்விகளிலேயே முக்கியமானது இது. கேள்வியின் இரண்டாம் பாதி உண்மை: உச்ச வேகத்தைக் கூட்டினால் அது பிடுங்கப்படும். அதனால் புத்தியுள்ள பொறியாளர் உச்ச வேகத்தின் பின்னால் ஓடுவதில்லை. பிஓபி பட்டியல் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று பார்த்து, அளக்காத இடத்தில் உழைப்பைப் போடுகிறார்.

பட்டியல் பெரும்பாலும் நல்ல லேப்களின் வேகத்தையும் நேர் பாதை வேகத்தையும் அளக்கிறது. 24 மணி நேரப் பந்தயத்தில் நல்ல லேப் என்பது ஒரு பகுதிதான். மற்றதெல்லாம் தேய்ந்த டயர், ஈரத் தரை, முன்னால் மெதுவாகப் போகும் கார்களின் கொந்தளித்த காற்று, அதிகாலை 3 மணிக்குச் சோர்ந்த ஓட்டுநர், அவசரமான பிட் ஸ்டாப். இவற்றில் எதற்கும் பேலஸ்ட் போட முடியாது.

காற்றியலில் இது நன்றாகத் தெரியும். ஹைபர்கார் விதியில் கீழ்நோக்கு அழுத்தத்துக்கும் காற்றுத் தடைக்கும் உள்ள விகிதம் 4க்கு 1 என்ற சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்து சான்று கொடுப்பார்கள். உச்ச அழுத்தத்தைக் கூட்ட வழியில்லை. ஆனால் பிரேக் போட்டு மூக்கு தாழும்போது, குலுங்கும்போது, இன்னொரு காரின் வாலில் போகும்போது அந்த அழுத்தம் எவ்வளவு நிலையாக நிற்கிறது என்பதைச் சட்டகம் கட்டுப்படுத்துவதில்லை. கணினிக் காற்றோட்டக் கணக்குகளில் பெரும்பகுதி நேரம் இதற்குத்தான் போகிறது. காகிதத்தில் ஒரே எண், தரையில் இரண்டு வேறு கார்.

எஞ்சினிலும் அப்படித்தான். பெராரி 296 ஜிடிபி சாலைக் காருக்கு ஹைபிரிட் மோட்டாரோடு 830 குதிரைத்திறன். அதிலிருந்து வந்த 296 ஜிடி3 பந்தயக் காரில் ஹைபிரிட்டைக் கழற்றிவிட்டார்கள், சுமார் 600தான். சாலையில் போகும் காரைவிடப் பந்தயக் காருக்குச் சக்தி குறைவு. எல்லோருக்கும் சக்தி அளந்து கொடுக்கப்படும் என்று தெரிந்த பிறகு, கூடுதல் குதிரைகளைச் சுமந்து போவது வீண் எடை. அதற்குப் பதில் கால் வைத்ததும் பதமாக இழுக்கும் டார்க் வளைவு, குறைந்த எரிபொருள், சிறிய ரேடியேட்டருக்குப் போதுமான குறைந்த வெப்பம் ஆகியவற்றைத் தேடுகிறார்கள்.

2023இல் வந்த போர்ஷே 911 ஜிடி3 ஆர் இதற்கு நல்ல பாடம். எஞ்சின் கொள்ளளவை 4.2 லிட்டராகக் கூட்டினார்கள், ஆனால் உச்ச சக்திக்காக மட்டும் செய்ததில்லை. எஞ்சினை 5.5 டிகிரி சாய்த்துப் காருக்கு அடியில் போகும் காற்றை வெளியேற்றும் பின்புற டிஃப்யூசருக்கு இடம் விட்டார்கள். சக்கர இடைவெளியை 48 மி.மீ. நீட்டினார்கள், பின் டயர்களின் மேல் பாரம் குறையட்டும் என்று. மூன்றுமே நீண்ட ஓட்டத்துக்கான மாற்றங்கள்.

பிறகு ஓட்டுநர். ஜிடி3 கார்களை வாங்குவது பெரும்பாலும் தனியார் அணிகள். சம்பளம் வாங்கும் தொழில்முறை ஓட்டுநரோடு, சொந்தப் பணத்தில் ஓட்டும் அமெச்சூரும் இருப்பார். எல்எம்ஜிடி3இல் ஒவ்வொரு காரிலும் வெண்கல (Bronze) தரநிலை, அதாவது அமெச்சூர் தரநிலை, ஓட்டுநர் ஒருவர் கட்டாயம். தொழில்முறை ஓட்டுநர்கள் இருவருக்கு நடுவில் 0.2 வினாடி வித்தியாசம் இருக்கும் இடத்தில், அமெச்சூர்கள் நடுவில் 2 வினாடி இருக்கும். அமெச்சூரைப் பயமுறுத்தாத கார் அந்த 2 வினாடியில் பாதியை மீட்டுத்தரும். எந்த பேலஸ்ட்டாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. பிரேக் போடும்போது பின்புறம் ஆடாமல் நிற்பது, ஏபிஎஸ், டிராக்‌ஷன் கண்ட்ரோல் நிதானமாக வேலை செய்வது, கண்ணுக்கு நல்ல வெளிச்சம், கேபினில் சூடு குறைவு என்று உழைப்பு போகும் இடங்கள் இவை.

கடைசியாகப் பழுது பார்ப்பது. மோதி முன்புறம் நொறுங்கினால் மூக்கு, ரேடியேட்டர் எல்லாம் ஒரே தொகுதியாகக் கழன்று புதியது ஏற எத்தனை நிமிடம்? பிரேக் பேட் 24 மணி நேரம் தாங்குமா, நடுவில் மாற்ற வேண்டுமா? இந்த நிமிடங்களை எந்தப் பட்டியலும் தொடாது.

எங்கள் கருத்தில் பிஓபி மேம்பாட்டைக் கொன்றுவிட்டது என்று சொல்வது தவறு. வேகத்திலிருந்து நிலைத்தன்மைக்கு அதை நகர்த்தியிருக்கிறது. நகர்த்தியதில் இழப்பும் உண்டு: புது வகை எஞ்சின், புது வகை ஹைபிரிட் என்று துணிந்து முயல்கிறவருக்கு அதன் முழுப் பலன் கையில் கிடைக்காது. அந்த வருத்தம் நியாயமானது.

விதி ஒரு காரின் வடிவத்தையே தீர்மானித்ததற்கு உதாரணம் உண்டா?

பெஜோ 9எக்ஸ்8 ஹைபர்கார். 2022 ஜூலையில் மோன்சாவில் பின் இறக்கையே இல்லாமல் வந்து எல்லோரையும் நிமிர்ந்து பார்க்க வைத்த கார். நான்கு சக்கர இழுவையை நம்பி, முன்னும் பின்னும் ஒரே 31 செ.மீ. அகல டயர் வைத்து வடிவமைத்தார்கள்.

அதற்குள் சமன் விதி மாறியது. பெஜோ, டொயோட்டா போன்ற எல்எம்ஹெச் வகை ஹைபர்கார்களின் முன் சக்கர ஹைபிரிட் மோட்டார், உலர் தரையில் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்கு மேல்தான் வேலை செய்யலாம் என்று வைத்தார்கள். வளைவிலிருந்து வெளியேறும் வேகம் பெரும்பாலும் அதற்குக் கீழே. அப்போது கார் வெறும் பின்சக்கர இழுவைக் கார்தான். பின்சக்கர இழுவைக்கு ஒரே அகல டயர் பொருந்தாது. பின்னால் அகலம் வேண்டும். டொயோட்டா 2022லேயே முன் 29, பின் 34 செ.மீ. டயருக்கு மாறிவிட்டது. பெஜோவின் முழுக் காற்றியல் சமநிலையும் பழைய டயரைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்ததால் உடனே மாற முடியவில்லை. 2024 இமோலா பந்தயத்தில்தான் 29க்கு 34 டயரும் பின் இறக்கையும் வைத்த கார் வந்தது. காகிதத்தில் ஒரு வேக எல்லை எண், இரண்டு வருட வேலையைத் திருப்பிப் போட்டது.

தப்பாகச் செய்துவிட்டோம் என்று தெரிந்தால் அடுத்த மாதமே காரை மாற்றலாமே?

மாற்ற முடியாது. காருக்குச் சான்று கிடைத்ததும் வடிவம் உறைந்துவிடும். ஹைபர்கார்களுக்கு முழுச் சான்றுக் காலத்துக்கும் எண்ணி வைத்த சில இவோ ஜோக்கர்கள்தான், அதாவது செயல்திறன் மாற்ற அனுமதிகள். பாதுகாப்புக்கும் பழுதாகாமல் இருப்பதற்கும் செய்யும் திருத்தம் தனியாக அனுமதி வாங்கிச் செய்யலாம். ஜிடி3இல் சில வருடத்துக்கு ஒரு முறை இவோ தொகுப்பு வரும்: லம்போர்கினி ஹுராகான் 2015இல் வந்து, 2019இல் இவோ, 2023இல் இவோ2 ஆனது.

வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, சலுகை வாங்கிவிட்டுப் பந்தயத்தில் பறக்க முடியாதா?

முயல்வார்கள். இதற்கு சாண்ட்பேகிங் என்று பெயர், மணல் மூட்டை சுமப்பது. முன்பு எளிதாக இருந்தது, இப்போது கடினம். காரில் அமைப்பாளர்களின் பதிவுக் கருவி இருக்கும்: ஜிபிஎஸ் வேகம், ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டது, பிரேக் அழுத்தம், டார்க். நேர் பாதையில் முழுக்க அழுத்தாமல் 95 சதவீதத்தில் வைத்தால் பதிவின் வரைபடக் கோட்டில் தெரியும். அதனால் நுணுக்கமாகச் செய்கிறவர்கள் வளைவில் மறைப்பார்கள். பிரேக்கைப் பத்து மீட்டர் முன்னால் போடுவது, நடு வளைவில் ஒரு இமை நேரம் காத்திருப்பது, பழைய டயரில் ஓட்டுவது, டாங்க் நிறைய வைத்து ஓட்டுவது. கண்டுபிடிக்க, காரின் கணினி மாதிரியை வைத்து "இந்தக் கார் இந்த வளைவில் இவ்வளவு போக வேண்டும்" என்று கணக்கிட்டு ஒப்பிடுகிறார்கள்.

சாண்ட்பேகிங் மேம்பாட்டையும் கெடுக்கிறது. தேர்வு ஓட்டத்தில் உண்மையான வேகத்தில் ஓடாத அணிக்கு, தன் டயர் உண்மையில் எப்படித் தேயும் என்றும் தெரியாது.

2023 லெ மானில் டொயோட்டாவுக்கு அநியாயம் நடந்ததா?

நடந்ததை மட்டும் முதலில் சொல்கிறோம். பந்தயத்துக்குச் சில நாள் முன்பு பட்டியல் திருத்தப்பட்டது. டொயோட்டாவுக்கு 37 கிலோ, பெராரிக்கு 24, கேடிலாக்குக்கு 11, போர்ஷேக்கு 3 கிலோ கூடியது. 37 கிலோ என்றால் கொள்முதல் நிலையத்தில் தைத்து அடுக்கும் 40 கிலோ நெல் மூட்டைக்கு மூன்று கிலோதான் குறைவு. அதை வைத்து 24 மணி நேரம். பெராரி 342 சுற்று ஓடி, 1 நிமிடம் 21 வினாடி வித்தியாசத்தில் ஜெயித்தது. வகுத்துப் பாருங்கள்: சுற்றுக்கு 0.24 வினாடி.

அந்த 0.24ஐ எடை மட்டும் தீர்மானித்ததா? கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் டொயோட்டா ஆர்னாஜ் வளைவில் தடம் புரண்டு மோதி நேரம் இழந்தது. பெராரியும் பிட்டில் கார் கிளம்பாமல் நேரம் இழந்தது. எனவே எடைதான் தோற்கடித்தது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டோம். ஆனால் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு, முன்னறிவித்த முறைக்கு வெளியே பட்டியலை மாற்றியது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. எண் சரியாகவே இருந்தாலும், வந்த நேரம் நம்பிக்கையைக் கெடுத்தது.

ஓட்டுநர்கள் ஏன் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை?

உலக என்ட்யூரன்ஸ் சாம்பியன்ஷிப் விதியில் தடை இருக்கிறது. பிஓபி முடிவைப் பாதிக்கும் வகையில் பொதுவெளியில் பேசினால் தண்டனை வரலாம். பேட்டியில் "அட்டவணை பார்த்தீர்கள் அல்லவா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அதன் பொருள் இதுதான். பேசத் தடை போடுவதைவிட, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தையும் சேர்த்து வெளியிடுவது நல்லது.

ஜெயித்தவனுக்கு எடை ஏற்றுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது சக்சஸ் பேலஸ்ட். பிஓபி கார் மாடலைப் பார்க்கிறது. சக்சஸ் பேலஸ்ட் முந்தைய முடிவைப் பார்க்கிறது. கோவை நரேன் கார்த்திகேயன் 2019இல் ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஓட்டிய ஜப்பானின் சூப்பர் ஜிடியில் ஒரு புள்ளிக்கு 2 கிலோ என்று ஏறும். எல்எம்ஜிடி3இல் இரண்டுமே உண்டு, ஒன்றின் மேல் ஒன்றாக.

அஜித் குமார் அணி துபாயில் ஓட்டிய காருக்கும் பிஓபி உண்டா?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி மூன்றாம் இடம் பிடித்தது 992 பிரிவில். அந்தப் பிரிவில் ஓடுவதெல்லாம் போர்ஷே 911 ஜிடி3 கப் கார்தான். ஒரே கார் என்பதால் மாடலுக்கு மாடல் சமன் செய்ய வேண்டிய தேவையே இல்லை. அதே பந்தயத்தில் ஓடும் ஜிடி3, ஜிடி4 பிரிவுகளுக்குத் தேவை. பிஓபி இல்லாத பந்தயம் எப்படி இருக்கும் என்று பார்க்க 992 பிரிவு நல்ல இடம்.

பந்தய வாரத்தில் புதுப் பட்டியல் வந்தால் அணி என்ன செய்யும்?

30 கிலோ கூடியது என்று வைத்துக்கொள்வோம். தகடுகளை ஏற்றி, போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் இறுக்கிக் குறியிடுவார்கள். பிறகு காரை நான்கு சக்கரத் தராசில் ஏற்றி மூலை எடை பார்ப்பார்கள். பேலஸ்ட் ஒரு பக்கமாக இருப்பதால் குறுக்கு எடை (எதிரெதிர் மூலைச் சக்கரங்களின் எடைப் பங்கு) மாறியிருக்கும். ஸ்பிரிங் இருக்கையைத் திருகி மீண்டும் சமன்.

அடுத்து தரை உயரம். 30 கிலோ நான்காகப் பிரிந்தால் சக்கரத்துக்கு 74 நியூட்டன். ஸ்பிரிங் விகிதம் மில்லிமீட்டருக்கு 150 நியூட்டன் என்றால் அரை மில்லிமீட்டர் தாழும். அற்பமாகத் தெரியும். குறைந்தபட்ச உயரத்தை ஒட்டியே ஓடும் காருக்கு, பந்தயம் முடிந்து அளக்கும்போது அந்த அரை மில்லிமீட்டரில் முடிவே ரத்தாகலாம்.

அதன் பிறகு ஈசியூவில், அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில், புதிய பூஸ்ட் அட்டவணை. அதிலுள்ள பழைய மேப்பை (எஞ்சின் அமைப்பை) நீக்காமல் விட்டு, ஈர மேப்பில் பழைய எண் ஒளிந்திருப்பதுதான் இங்கே நடக்கும் வழக்கமான தவறு. மழை வந்ததும் ஸ்விட்சைத் திருப்புவார்கள், பூஸ்ட் எல்லை மீறும், தண்டனை. எல்லா மேப்பிலும் ஒரே சமயத்தில் மாற்ற வேண்டும். கடைசியில் ஸ்டின்ட் நீளத்தை மறுபடி கணக்கிட வேண்டும். எரிபொருள் செலவு ஒரு சதவீதம் கூடினாலே கடைசிச் சுற்றுக்குப் போதாமல் போகலாம்.

நாங்கள் ஆறேழு பேர் சிம் லீக் நடத்துகிறோம். வேறு வேறு ஜிடி3 கார்களை எப்படிச் சமன் செய்வது?

முதலில் விளையாட்டில் ஏற்கெனவே உள்ள பிஓபியோடு இரண்டு பந்தயம் ஓடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதவில்லை என்றால்:

1. ஒரே மூன்று ஓட்டுநர்கள் எல்லாக் கார்களையும் ஓட்ட வேண்டும். ஆளுக்கொரு கார் என்றால் நீங்கள் அளப்பது காரை இல்லை, ஆளை.
2. இரண்டு சர்க்யூட்: மோன்சா போல நேர் பாதை அதிகமானது ஒன்று, ஹங்கரோரிங் போல வளைவு அதிகமானது ஒன்று. தட்பவெப்பம், டாங்க் அளவு ஒன்றாக இருக்கட்டும்.
3. ஒவ்வொரு காரிலும் 15 சுற்று. முதல் சுற்றையும் தவறு செய்த சுற்றுகளையும் நீக்கி, மீதியில் சராசரி எடுங்கள்.
4. மோன்சாவில் மட்டும் வேகமான காருக்கு ரெஸ்ட்ரிக்டரைக் குறையுங்கள். இரண்டிலும் வேகமான காருக்கு 5 கிலோ, 5 கிலோவாக எடை ஏற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகத் தொடாதீர்கள். எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

எப்போது நிறுத்துவது? ஒருவருடைய லேப்கள் 0.4 வினாடி அளவுக்குச் சிதறினால், 10 லேப் சராசரியிலேயே 0.13 வினாடி பிழை இருக்கும். எனவே 0.1 வினாடி வித்தியாசத்தைத் திருத்தப் போகாதீர்கள். அது காரில் இல்லை, உங்கள் அளவையில் இருக்கிறது. சீசன் நடுவில் ஒரு தடவைக்கு மேல் மாற்றவும் வேண்டாம்.

ஹைபர்கார்கள் நேர் பாதையில் ஒன்று, வளைவில் ஒன்று என்று வேறுபடுவதை எப்படிச் சமன் செய்கிறார்கள்?

2024 லெ மானிலிருந்து சக்தி எண் இரண்டு உண்டு: ஒரு குறிப்பிட்ட உயர் வேகத்துக்குக் கீழே எவ்வளவு, மேலே எவ்வளவு. சில காருக்கு மேலே கூடும், சில காருக்குக் குறையும். முன்பு ஒரே எண்ணால் முடுக்கத்தைச் சரிசெய்தால் உச்ச வேகம் கெடும், உச்ச வேகத்தைச் சரிசெய்தால் முடுக்கம் கெடும். பட்டியல் பார்க்கும்போது இந்த இரண்டாவது எண்ணைத் தவறவிடாதீர்கள்.

வருகிற லெ மானில் இதையெல்லாம் டிவியில் எப்படிப் பார்ப்பது?

நம் நேரத்துக்குச் சனிக்கிழமை இரவு 7.30க்குத் தொடங்கி ஞாயிறு இரவு 7.30க்கு முடியும். தகுதிச் சுற்று நேரத்தை வைத்து எந்தக் கார் வேகம் என்று முடிவு செய்யாதீர்கள். லைவ் டைமிங்கைத் திறந்து வைத்து, ஒரு ஸ்டின்ட்டின் மூன்றாவது சுற்றையும் கடைசிக்கு முந்தைய சுற்றையும் ஒவ்வொரு காருக்கும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்தக் காரில் குறைவோ அது நன்றாகச் செய்யப்பட்ட கார். புதுக் குளிர் டயரில் பிட்டிலிருந்து வெளியே வரும் முதல் சுற்றையும் பாருங்கள். 2023 முதல் டயர் சூடாக்கும் போர்வைக்குத் தடை. அந்த வருட லெ மானுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். அந்த ஒரு சுற்றில் சில கார் 5 வினாடி இழக்கும், சில 10 வினாடி இழக்கும். இரவு 2 மணிக்கு மேல், தரை குளிர்ந்த பிறகு, இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும்.